இத்தனை நாள் எங்கே இருந்தது இந்த பாஸ்: எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்’ மறுபதிப்பு

2003இல் அண்ணன் கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்தபோது என் கையில் ஒரு சிடியைக் கொடுத்தார். மேலே பச்சை மார்க்கரில் ‘டால்ஃபி’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்’ ஆல்பம் அது. ராட்டர்டாமில் வாங்கிய ஒரிஜினலைக் கப்பலில் தன் அறையிலேயே வைத்துவிட்டு, எனக்காக எம்பி3 ஆக்கி எரித்துக் கொண்டுவந்திருந்தார். 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கினால் போதும் என்று அப்போது எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கோயம்புத்தூர் வீட்டில் கம்ப்யூட்டரோடு வந்த இரண்டு சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். சிம்பல் ஒலியெல்லாம் எண்ணெயில் அப்பளம் போட்டது மாதிரி பொரிந்தது. ஆளாளுக்கு ஒரு திசையில் வாசித்தார்கள். முதல் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டேன்.

ஆனால் ராத்திரி பாத்திரம் கழுவும்போது கை தன்னால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது வந்தது. தகதகிட தகதிமி. எங்கள் பெரியப்பா கஞ்சிரா வாசிப்பார். சின்ன வயதில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தாளம் போடச் சொல்வார். அந்தப் பழக்கம்தான். குழப்பம் என்று நினைத்து நான் நிறுத்திய பாட்டுக்குள், கர்நாடக சங்கீதத்தில் சங்கீர்ணம் என்று சொல்லும் ஒன்பது ஒளிந்திருந்தது. மறுநாள் மறுபடியும் போட்டேன். அன்றிலிருந்து இந்த ஆல்பம் என்னை விடவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது புளூ நோட் என்ற ஜாஸ் ரெக்கார்டு கம்பெனியின் கிளாசிக் வைனில் வரிசையில் 2021இல் வந்த மறுபதிப்பு. 180 கிராம் ரெக்கார்டு. கெவின் கிரே மாஸ்டரிங் (டேப்பில் இருப்பதை ரெக்கார்டுக்கு ஏற்றும் வேலை) செய்தது, ஜெர்மனியில் ஆப்டிமல் ஆலையில் அச்சானது. நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்தேன். கொடுத்த காசு வீணில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

ஆல்பத்தைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1964 பிப்ரவரி 25, நியூ ஜெர்சியில் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ. ஒரே நாள் பதிவு. எரிக் டால்ஃபி ஆல்டோ சாக்ஸபோன், புல்லாங்குழல், பாஸ் கிளாரினெட் மூன்றும் வாசிக்கிறார். டிரம்பெட்டில் ஃபிரெடி ஹப்பர்ட், வைப்ரஃபோனில் பாபி ஹட்சர்சன், டபுள் பாஸில் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான பெரிய தந்தி வாத்தியம், சுருக்கமாக பாஸ்) ரிச்சர்ட் டேவிஸ், டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ். வில்லியம்ஸுக்கு அன்று வயது 18. ஹட்சர்சனுக்கு 23. ஐந்து பாட்டும் டால்ஃபி எழுதியவை. பியானோ கிடையாது. இதுதான் முக்கியம், இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதை ஃப்ரீ ஜாஸ், அதாவது கட்டுப்பாடுகளைத் தளர்த்தி வாசிக்கும் ஜாஸ், என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பரில் இரண்டு நால்வர் குழுக்களை ஒன்றாக உட்காரவைத்துப் பதிவுசெய்த ஆல்பத்திலும் டால்ஃபி இருந்தார், ஹப்பர்ட்டும் இருந்தார். அங்கே எழுதிவைத்தது கொஞ்சம், அந்த நிமிடத்தில் பிறந்தது அதிகம். ‘அவுட் டு லஞ்ச்’ அப்படியில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கறாரான ஒரு எடுப்பு, அதாவது எழுதிவைத்த தொடக்கம், இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. எடுப்பைத் தாண்டியதும் கதவு திறந்துகொள்கிறது. யார் வேண்டுமானாலும் காலத்தை உடைக்கலாம், நிறுத்தலாம், மற்றவர் வாசிப்பைக் கீழே இறக்கிவிட்டுத் தான் மேலே ஏறலாம். இந்தப் பதிவில் எல்லோருமே தலைவர்கள்தான் என்று டால்ஃபி சொன்னது அட்டைக் குறிப்பில் இருக்கிறது. என் கணக்கில் இது ஃப்ரீ ஜாஸ்தான்.

சரி, ரீமாஸ்டர். இந்தச் சொல்லைக் கேட்டதும் பழைய பாட்டைப் பளபளப்பாக்கி, எதிரொலி சேர்த்து, தனித்தனி வாத்தியமாகப் பிரித்து மறுபடியும் கலக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அதற்கு வழியே இல்லை. வான் கெல்டர் ஐந்து பேரையும் ஒரே அறையில் வாசிக்கவைத்து நேராக இரண்டு டிராக் டேப்பில் இறக்கிவிட்டார். கலவை அன்றைக்கே முடிந்துவிட்டது. டிரம்பெட்டை மட்டும் கொஞ்சம் குறைக்கலாமே என்று இன்று யாராலும் முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்த மூல டேப்பை எடுத்து, நல்ல கருவியில் ஓட்டி, அதில் இருப்பதை ரெக்கார்டின் பள்ளத்துக்குள் எந்த அளவுக்கு விடுவது என்று முடிவுசெய்வது. கிரே இடையில் டிஜிட்டலாக மாற்றாமல் டேப்பிலிருந்து நேராகவே அந்தப் பள்ளத்தை வெட்டியிருக்கிறார்.

எந்த அளவுக்கு விடுவது என்பதில்தான் சூட்சுமம். அறுபதுகளில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது மலிவான பிளேயர்கள். தாழ்ந்த ஸ்வரங்கள் பலமாக இருந்தால் பள்ளம் அகலமாக ஆடும், ஊசி குதித்துவிடும். ரெக்கார்டு திரும்பி வந்துவிடும். அதனால் அன்று வெட்டியவர்கள் பாஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, கொஞ்சம் கட்டிவைத்தார்கள், நடு ஒலிகளை முன்னால் தள்ளினார்கள். வான் கெல்டரும் அப்படித்தான் வெட்டினார். காலத்தின் தேவை அது, குற்றமில்லை. ஆனால் டேப்பில் இருந்த பாஸ் டேப்பிலேயே தங்கிவிட்டது. இப்போது அதை விட்டிருக்கிறார்கள். நான் இருபது வருடமாகக் கேட்ட ஆல்பத்தில் ரிச்சர்ட் டேவிஸ் என்ற ஆள் பாதிதான் இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் பாட்டு ‘ஹேட் அண்ட் பியர்ட்’. தொப்பியும் தாடியும், அதாவது பியானோ மேதை தெலோனியஸ் மாங்க். அவர் சும்மா நடந்துபோனாலே அதில் சங்கீதம் இருக்கிறது என்பது டால்ஃபியின் எண்ணம். அதனால் பாட்டும் ஒரு நடைதான். ஐந்தில் தொடங்கி, எல்லோரும் சேர்ந்ததும் ஒன்பதாகிறது. எம்பி3இல் நான் இந்த நடையை மேலே இருந்த வாத்தியங்களை வைத்துத்தான் பிடித்தேன். ரெக்கார்டில் அது கீழேயிருந்து வருகிறது. டேவிஸின் விரல் தந்தியை இழுத்து விடுவது, தந்தி மரத்தில் லேசாகத் தட்டுவது, பிறகு அந்த மரப்பெட்டி முழுக்க ஒலி நிறைவது, மூன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. வீட்டில் இருப்பது பழைய சோனோடைன் ஸ்பீக்கர்கள்தான், பெரிய சாமான் எதுவும் இல்லை. அதிலேயே இவ்வளவு.

பாஸ் தெளிவானதும் மேலே நடப்பதெல்லாம் வேறு அர்த்தம் எடுக்கிறது. டால்ஃபி பாஸ் கிளாரினெட்டில் அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல் எடுத்து, அடுத்த மூச்சில் இரண்டு ஸ்தாயி தாண்டிக் கீச்சிடுவார். முன்பு அது என் காதில் ஒரு வெறி மாதிரி விழுந்தது. இப்போது அவர் ஒவ்வொரு தாவலையும் ஒன்பதின் எந்த இடத்தில் வைக்கிறார் என்று கேட்க முடிகிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் எங்கெங்கோ போய்விட்டுச் சரியாக எடுப்பில் வந்து விழும்போது சபையில் ஒரு ‘ஆஹா’ எழும் இல்லையா, அந்த ஆஹா எனக்கு இந்தப் பாட்டில் நாலைந்து இடத்தில் வருகிறது.

இப்போது பியானோ இல்லாத விஷயம். ஜாஸில் பியானோக்காரர் கீழே சுருதிக் கம்பளம் விரித்துக்கொண்டே போவார். மேலே வாசிப்பவர் அதன்மேல் நடப்பார். இங்கே அந்தக் கம்பளத்தை எடுத்துவிட்டு ஹட்சர்சனின் வைப்ரஃபோனை வைத்தார் டால்ஃபி. உலோகப் பட்டைகள், கீழே குழாய்கள், காலடியில் ஒரு மிதி. மிதியை அழுத்தியிருக்கும்வரை பட்டை ஒலித்துக்கொண்டிருக்கும். காலை எடுத்தால் ஃபெல்ட் வந்து ஒட்டும், ஒலி அறுந்துவிடும். ஹட்சர்சன் கம்பளம் விரிப்பதே இல்லை. ஓரிடத்தில் ஒரு கொத்து ஸ்வரங்களை நிறுத்துகிறார், அவ்வளவுதான். இடையில் வெற்று வெளி. அந்த வெளியில் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம்.

ரெக்கார்டில் எனக்கு அதிகம் பிடித்தது இந்த வெளிதான். தட்டிய பட்டை ஒலித்து, தேய்ந்து, மிதி எழும் நொடியில் அறுபடும் அந்த வால் முழுசாக இருக்கிறது. சில இடங்களில் அவர் வேண்டுமென்றே அறுக்கிறார், சில இடங்களில் தானாகத் தேய விடுகிறார். எம்பி3இல் இரண்டும் ஒன்றுதான். வால் தேயத் தொடங்கியதுமே அந்தச் சுருக்கம் அதை மென்று தின்றுவிட்டது. 1999இல் வான் கெல்டரே தன் பழைய டேப்பை எடுத்து ரீமாஸ்டர் செய்த சிடி ஒன்று இருக்கிறது. அதையும் பின்னால் வாங்கினேன், இன்றும் காரில் கேட்கிறேன். அது பளிச்சென்று இருக்கும், ஹப்பர்ட்டின் டிரம்பெட் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். ரெக்கார்டில் எல்லோரும் இரண்டடி பின்னால் போய்விட்டார்கள், நடுவில் அறை தெரிகிறது. வான் கெல்டரின் ஸ்டூடியோ மரக்கூரை உயர்ந்த கட்டடம், மாதா கோயில் மாதிரி இருக்கும் என்பார்கள். அந்த உயரம் காதுக்கு எட்டுகிறது.

இரண்டாவது பாட்டு ‘சம்திங் ஸ்வீட், சம்திங் டெண்டர்’. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. மெதுவான பாட்டு. டால்ஃபியின் பாஸ் கிளாரினெட்டும் டேவிஸ் வில் போட்டு வாசிக்கும் பாஸும் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து போகும் பகுதி ஒன்று இதில் உண்டு. பதிவு முடிந்த பிறகு டால்ஃபியே அந்த ஒற்றுமையை நினைத்து மகிழ்ந்திருக்கிறார். இவ்வளவு வருடமும் அதை நான் ஒரே வாத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன், சத்தியமாக. ஏதோ ஒரு பாஸ் கிளாரினெட், கொஞ்சம் கரகரப்பாக. இப்போது ஒரு மூச்சும் ஒரு வில்லும் கைகோத்துப் போவது தெரிகிறது. வில்லின் ரோமம் தந்தியைப் பிடித்து விடும் சின்னச் சின்ன உரசல். அதன்மேல் கிளாரினெட்டின் மரத்துக்குள் ஓடும் காற்று. மூச்சு முடியும் இடமும் வில் திரும்பும் இடமும் ஒன்றாக இல்லை. மயிரிழை முன்னே பின்னே இருக்கிறது. இரண்டு மனிதர்கள் என்று தெரிவது அந்த மயிரிழையில்தான்.

டால்ஃபியின் ஸ்வரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1961இல் டவுன் பீட் என்ற ஜாஸ் பத்திரிகையில் ஒரு விமர்சகர், சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் டால்ஃபியும் வாசிப்பதை ஜாஸுக்கு எதிரானது என்று எழுதினார். அடுத்த வருடம் அதே பத்திரிகையில் இருவரும் பதில் சொன்னார்கள். டால்ஃபி பறவைகளைப் பற்றிப் பேசினார். கலிஃபோர்னியாவில் வீட்டில் வாசிக்கும்போது பறவைகள் கூடவே பாடுமாம், அவர் நிறுத்திவிட்டு அவற்றோடு சேர்ந்து வாசிப்பாராம். நம் ஸ்வரங்களுக்கு நடுவில் பறவைகளுக்கு ஸ்வரம் இருக்கிறது, இந்திய இசையிலும் அதே குணம் இருக்கிறது, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை, அழகாக இருக்கிறது என்றார். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவர் என்ன சொல்கிறார் என்று உடனே புரியும். இந்தப் பாட்டில் அவர் ஒரு ஸ்வரத்தை நேராகப் பிடிப்பதில்லை, பக்கத்திலிருந்து சாய்ந்து வந்து தொடுகிறார். அபஸ்வரம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது ‘கேசெலோனி’. இத்தாலியப் புல்லாங்குழல் கலைஞர் செவெரினோ கேசெலோனியின் பெயரில் எழுதியது. ரெக்கார்டைப் பற்றிய என் ஒரே பெரிய குறை இங்கேதான். முதல் பக்கம் கிட்டத்தட்ட 22 நிமிடம். மூன்றாவது பாட்டு ரெக்கார்டின் நடுவில் ஒட்டிய லேபிளுக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது. அங்கே சுற்றளவு குறைவு, அதே நேரத்துக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளமும் குறைவு. உச்ச ஸ்தாயி ஒலிகளை ஊசி படிக்கத் திணறும். டால்ஃபியின் புல்லாங்குழலோ மேலேயே சுற்றுகிறது. என் டர்ன்டேபிள் ஆடியோ டெக்னிகா எல்பி120எக்ஸ், அதோடு வந்த விஎம்95இ ஊசி. அதில் கடைசி இரண்டு நிமிடத்தில் குழலின் ஓரம் கொஞ்சம் பிசிறடிக்கிறது. நண்பர் ஒருவர் வீட்டில் நுண்ணிய முனை கொண்ட ஊசியில் போட்டபோது பிசிறு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆக, தவறு பதிவில் இல்லை. ஆனால் சாதாரண ஊசி வைத்திருப்பவர்கள் இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பாட்டுக்கு நான் சிடிக்குத்தான் போகிறேன்.

இன்னொரு குறை என் சொந்த அனுபவம். முதலில் ஆர்டர் செய்த கடையிலிருந்து வந்த ரெக்கார்டு வளைந்திருந்தது. தட்டு சுழலும்போது ஊசிக் கை படகு மாதிரி ஏறி இறங்கியது. போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பி, ஒன்பது நாள் கழித்து வேறு வந்தது. வெயில் காலத்தில் ரெக்கார்டு வாங்குபவர்கள் பிரித்தவுடனே ஒருமுறை சுழலவிட்டுப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது பிரதியில் வளைவும் இல்லை, பொரிச்சலும் இல்லை. பாட்டுக்கு முன்னால் டேப்பின் மெல்லிய ‘ஸ்ஸ்’ மட்டும்.

அட்டை ஒற்றை அட்டைதான். இதே கம்பெனியின் டோன் பொயட் வரிசையில் வரும் விரித்துப் பார்க்கும் தடித்த அட்டை இதில் கிடையாது, விலையும் அதற்கேற்பக் குறைவு. ரீட் மைல்ஸ் எடுத்த படம் பெரிய அளவில் பார்க்கக் கிடைப்பதே எனக்குச் சந்தோஷம். கடைக் கதவில் தொங்கும் ‘திரும்பி வருவோம்’ பலகை, அதில் ஒரு கடிகாரம். அந்தக் கடிகாரத்துக்கு முள் ஏழு. எத்தனை மணிக்கு வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. சிடியின் சின்ன அட்டையில் நான் முள்ளை எண்ணியதே இல்லை.

டால்ஃபி திரும்பி வரவில்லை. இந்தப் பதிவு முடிந்த சில வாரங்களில் பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் குழுவோடு ஐரோப்பா போனார், அங்கேயே தங்கிவிட்டார். 1964 ஜூன் 29இல் பெர்லினில் இறந்தார். கண்டுபிடிக்காமல் போன சர்க்கரை நோய். 36 வயது. ரெக்கார்டு கடைக்கு வந்தபோது அவர் இல்லை. அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஹாலந்தில் ஒரு பதிவின்போது, இசை கேட்டு முடிந்ததும் காற்றோடு போய்விடுகிறது, திரும்பப் பிடிக்கவே முடியாது என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் அப்பாவுக்குச் சர்க்கரை. அதனால் அந்தத் தேதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். ஒரு ரத்தப் பரிசோதனை.

இரண்டாம் பக்கம் இரண்டே பாட்டு. தலைப்புப் பாட்டு 12 நிமிடம். இங்கே டோனி வில்லியம்ஸைக் கேளுங்கள். 18 வயதுப் பையன் காலத்தைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, காலத்தைக் காப்பாற்றவே மறுக்கிறான். ஸ்னேர் டிரம்மில் இரண்டு அடி, பிறகு ஒன்றுமில்லை, பிறகு சிம்பலில் ஒரு கீறல். ஆனால் துடிப்பு நிற்பதில்லை. அது பாட்டின் உள்ளேயிருந்து வருகிறது என்று டால்ஃபியும் சொல்லியிருக்கிறார். என் பழைய சிடியில் அப்பளமாகப் பொரிந்த சிம்பல் இப்போது உலோகமாகக் கேட்கிறது. குச்சியின் மரமுனை படும் இடம் முதலில், ஓரம் அதிர்ந்து விரிவது பிறகு. அவர் நடுவில் அடிக்கிறாரா ஓரத்தில் அடிக்கிறாரா என்றுகூட யூகிக்கலாம். டேவிஸும் அவரும் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுக்கிறார்கள். பேச்சு மாதிரி இருக்கிறது. கடைசிப் பாட்டு ‘ஸ்ட்ரெய்ட் அப் அண்ட் டவுன்’, குடித்தவர் தள்ளாடி நடப்பது போன்ற பாட்டு. நன்றாக இருக்கிறது, ஆனால் மற்ற நாலைக் கேட்ட பிறகு எனக்கு அது கொஞ்சம் லேசு.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் தடவை சாக்ஸபோனையும் டிரம்பெட்டையும் பின்தொடராதீர்கள். பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு ‘ஹேட் அண்ட் பியர்ட்’ முழுவதும் போய்வாருங்கள். தாளம் போடத் தெரிந்தால் போடுங்கள். அப்புறம் மற்றவர்கள் தானாகவே இடம் பிடித்து உட்காருவார்கள்.

போன தீபாவளிக்கு அண்ணன் வந்திருந்தார். கப்பல் வேலையை விட்டு ஐந்து வருடமாகிறது. இன்ஜின் அறையில் இருந்ததால் வலது காது கொஞ்சம் மந்தம். பலகாரத் தட்டோடு வந்து உட்கார்ந்தவர், முதல் பக்கம் ஓட ஓட முறுக்கை எடுக்கவே இல்லை. இரண்டாவது பாட்டில் வில் வந்ததும் என்னைப் பார்த்து, “அம்மிணி, இந்த பாஸ் இத்தனை நாள் எங்க இருந்துச்சு?” என்றார். டேப்பிலேயேதான் இருந்திருக்கிறது அண்ணா என்றேன். பக்கம் முடிந்து ஊசிக் கையை எடுத்து அதன் தாங்கியில் வைத்தேன். தட்டைத் திருப்பப் போனபோது, திருப்ப வேண்டாம், அந்த ரெண்டாவதை மட்டும் இன்னொரு தடவை வை என்றார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய கறுப்பு வரியைத் தேடி, குனிந்து, ஊசியை இறக்கினேன்.